விரலுக்கு விலை கேட்ட தம்பிக்கு

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்
மே 10

அன்புள்ள தம்பிக்கு,

சித்தப்பா எழுதுவது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் அரசலாற்று ஓரம் கட்டிக் கிடக்கின்றன. உன் அப்பா காலையிலேயே கொட்டகைக்குப் போய் வலை பொத்த உட்கார்ந்துவிடுகிறார். துணைக்கு நானும் போகிறேன்.

நீ போனில் அனுப்பிய செய்தியைப் படித்தேன். லண்டனில் காபியை ருசி பார்த்துச் சொல்பவர் ஒருவரின் நாக்கை, 2009-இல் கோஸ்டா கம்பெனி லாயிட்ஸில் ஒரு கோடி பவுண்டுக்கு இன்சூரன்ஸ் செய்ததாமே. அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை பெட்டி கிரேபிளின் கால்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்பதும் அதில் இருந்தது. கீழே நீ கேட்டிருந்தாய்: “சித்தப்பா, பிரஸ் மெஷினில் நிற்கிற என் விரலுக்கும் இப்படிப் போட்டு வைக்கலாமா?” விளையாட்டாகக் கேட்டாயோ என்னவோ, எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்று கடிதமாக எழுதுகிறேன்.

என் வலது கையை நீ சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். சுட்டுவிரலும் நடுவிரலும் போன கதையை முழுதாகச் சொன்னதில்லை. 1994-இல், எனக்கு 31 வயது. வலையை ஏற்றும்போது வின்ச்சில் ரோப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டு, அது நிற்பதற்குள் கையால் தள்ளிவிடப் போனேன். கரைக்கு வர ஆறு மணி நேரம். படகுக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் பணம் வசூலித்துக் கொடுத்தார்கள். அந்தப் பணம் ஏழு மாதம் வந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கையோடுதான் பிழைத்தேன். கடலுக்குப் போனால் அரைப் பங்கு, கரையில் வலை பொத்தினால் மற்றவர் பொத்துவதில் பாதி.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. டீசல், ஐஸ், ரேஷன் கழித்து மிச்சத்தைப் பங்கு போடுகிற தொழிலில் சம்பளச் சீட்டு ஏது? உன் மாத வருமானம் என்ன என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால், காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உன்னிடம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

விரலுக்கு விலை போட்டு வைத்த அட்டவணை நம் நாட்டிலும் உண்டு. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு சேர்ந்தது அது. சுட்டுவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் போனதாகக் கணக்கு. நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் ஏழேழு, கட்டைவிரலுக்கு 30. ஒரே கையில் இரண்டு விரல் சேர்ந்து போனால் 20. பதினாலும் பன்னிரண்டும் இருபத்தாறு ஆயிற்றே, இருபது எப்படி என்று நான் ஒரு வக்கீலிடம் கேட்டேன். அட்டவணை அப்படித்தான் என்றார். என் கை அந்த அட்டவணையைப் படித்ததில்லை தம்பி. ரோப்பைப் பிடிக்கப் போனால் இருபது சதவீதம் பலம் குறைந்த கையாக அது இல்லை. பிடிக்கிறது அல்லது நழுவ விடுகிறது, அவ்வளவுதான்.

இதை உச்ச நீதிமன்றமே ஒரு தச்சர் விஷயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒடிசாவில் சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்கவேண்டி வந்தவர் அவர். ஒரு கைதானே போயிற்று, இது பகுதி ஊனம்தான் என்று முதலாளி தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு நூறு சதவீத இழப்பு என்று 1975 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. 2010-இல் சாலை விபத்து வழக்கு ஒன்றிலும் அதே நீதிமன்றம் இதை விளக்கியது: இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போகலாம், அரசு அலுவலக குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். கையை அளக்காதே, கை செய்கிற வேலையை அள என்பதுதான் இதன் பொருள். உன் கேள்விக்கு என் பதிலும் அதுதான். விரலுக்கு விலை தேடாதே. மாதாமாதம் வருகிற காசுக்குக் காவல் தேடு.

நம்மூர் சொல்தா வீடுகளை நினைத்துப் பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த தாத்தாக்களுக்கு மாதந்தவறாமல் பென்ஷன் வந்தது. 1954 நவம்பர் 1-இல் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. தாத்தா போனபின் பாட்டிக்கும் வந்தது. மொத்தமாகப் பணம் வந்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். அது கல்யாணத்திலும் கடனிலும் கரைந்துபோகும். மாதக் காசு கரையாது.

உனக்கு அந்த மாதக் காசைத் தரக்கூடியது தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. உன் சம்பளம் 15,000 என்றால் நீ கட்டுவது 0.75 சதவீதம், மாதம் 112 ரூபாய் 50 காசு. கம்பெனி கட்டவேண்டியது 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனம் என்றால், சம்பளத்தில் 90 சதவீதத்தை எடுத்து, அதில் எவ்வளவு திறன் போயிற்றோ அந்தப் பங்கை ஆயுள் முழுதும் மாதாமாதம் தருவார்கள். கடவுள் காக்கட்டும், கணக்குக்காகச் சொல்கிறேன்: இரண்டு விரலுக்கு 20 சதவீதம் என்று வைத்தால் மாதம் சுமார் 2,700 ரூபாய். உன் 25 வயதிலிருந்து 65 வரை வாங்கினாலே 12 லட்சத்தைத் தாண்டும். இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு இழப்பீட்டுச் சட்டக் கணக்குப்படி அதே வயதில், அதே சம்பளத்தில், அதே விரல்களுக்கு ஒரே தடவையாக வருவது சுமார் 3.9 லட்சம். அந்தப் பழைய சட்டத்தை இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள், 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் உன் பெயர் அதில் ஏறியிருக்க வேண்டுமே! நீ காண்ட்ராக்டில் இருக்கிறாய், அதுதான் எனக்குப் பயம். ஹரியானாவில் மானேசர் பக்கம் கார் பாகம் செய்யும் பட்டறைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி, சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிடுகிறது. அடிபட்ட பிறகுதான் பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே போட்டிருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதிகம் விரல் வாங்குவது எந்த மெஷின் தெரியுமா? நீ நிற்கிற அதே பவர் பிரஸ்தான். ஆகவே நாளைக்கே உன் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கு. ஒவ்வொரு மாதமும் பணம் கட்டியிருக்கிறார்களா என்று பார். சம்பளச் சீட்டை ஒன்றுவிடாமல் எடுத்து வை. உண்மையில் அடிபட்டால் விபத்து அறிக்கை எழுதாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப விடாதே. “வீட்டில் அடிபட்டது என்று சொல்லிவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதே.

தனியார் பாலிசி எடுக்கலாமா என்றால், எடு, ஆனால் இ.எஸ்.ஐ.க்கு மேலாக எடு. விரலுக்கென்று தனி பாலிசி நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதில்லை. விபத்துக் காப்பீடு என்று பொதுவாகத்தான் இருக்கும். சரல் சுரக்ஷா பீமா என்று ஒரே மாதிரியான பாலிசியை 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனியும் தரவேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள், இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. விபத்துப் பாலிசிகளில் பொதுவாகச் சுட்டுவிரலுக்கு 10 சதவீதம், கட்டைவிரலுக்கு 25 என்று இருக்கும். பத்து லட்சத்துக்கு எடுத்தால் சுட்டுவிரலுக்கு ஒரு லட்சம்தான் என்பதைத் தெரிந்துகொண்டு எடு. குணமாகும்வரை வாராவாரம் பணம் தரும் சேர்ப்பு ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள். வேலை என்ன என்ற இடத்தில் பிரஸ் ஆபரேட்டர் என்றே எழுது. பிரீமியம் குறையும் என்று ஏஜெண்ட் வேறு ஏதாவது எழுதினால் நாளைக்குப் பணம் வராது.

இதெல்லாம் விபத்துக்கு மட்டும். மெஷின் சத்தத்தில் காது மெல்ல மெல்லப் போனால் விபத்துப் பாலிசி தராது, இ.எஸ்.ஐ. தொழில் நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. காது அடைப்பானைப் போட்டுக்கொள்.

இன்னொன்றும் கேள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று மெஷினின் டைக்கு அடியில் கையை விடாதே. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும் என்று இருக்கிற பொத்தானில் ஒன்றைக் கட்டிப்போட்டு வேகமாக அடிக்கச் சொன்னால், முடியாது என்று சொல். வேலை போனால் ஊருக்கு வா, இங்கே சோறு இருக்கிறது. என்னைப் போல நிற்பதற்குள் கையை நீட்டாதே.

உன் அப்பாவுக்கு மத்திய அரசின் மீனவர் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் ஐந்து லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். 2025 ஜனவரி 28-இல் நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படை சுட்டு நம் காரைக்கால் படகில் போனவர்கள் காயம்பட்டார்களே, அதிலிருந்து உன் அம்மாவுக்கு நிம்மதி இல்லை. அப்பாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் நான் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நீ செய்யவேண்டிய சின்ன வேலை ஒன்று பாக்கி. பாங்கு வழியாக எடுக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா 2015-இல் வந்தது. அப்போது வருஷத்துக்கு 12 ரூபாய், 2022 ஜூன் முதல் 20. விபத்தில் இறந்தால் இரண்டு லட்சம், ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ போனால் ஒரு லட்சம். விரலுக்கு அதில் ஒன்றுமில்லை. அதற்காக விட்டுவிடாதே, உனக்குப் பின்னால் அம்மா இருக்கிறாள். ஜூன் 1-இலிருந்து புது வருஷம் தொடங்குகிறது. மே கடைசிக்குள் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள். அந்த இருபது ரூபாய் கணக்கில் இருக்கட்டும். இ.எஸ்.ஐ. எண் கிடைத்த அன்றே எனக்குப் போன் செய்.

உன் சித்தப்பா