போலி சர்வரும் மெய்யான சோதனையும்

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையை எண்ணிப் பாருங்கள். புவனகிரியில் ஒரு மாணவி தன் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கைபேசியில் தட்டுகிறாள். அதே நேரத்தில் தமிழகமெங்கும் இலட்சக்கணக்கானோர் அவ்வாறே கேட்கின்றனர். இத்தகைய நெருக்கடியைத் தாங்க, இணையதளங்கள் பலவும் மூல சர்வருக்கு முன்னால் 'பிராக்ஸி' என்னும் இடையாளை நிறுத்துகின்றன.

எல்லோருக்கும் பொதுவான பக்கத்தைப் பிராக்ஸி ஒருமுறை வாங்கிப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, பின்னர் கேட்போருக்கு அதனையே தரும். இச்சேமிப்புக்குக் 'கேஷ்' என்று பெயர். பிரதியை எத்தனை விநாடி வைத்திருக்கலாம், எதனை வைக்கவே கூடாது என்பதை மூல சர்வர் தன் விடையின் தலைக்குறிப்பில் எழுதி அனுப்பும்.

இடையாள் தவறினால் என்ன ஆகும்? 2015 டிசம்பர் 25 அன்று, 'ஸ்டீம்' என்னும் கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் கேஷ் அமைப்பு பிழையானதால், ஒருவரின் கணக்குப் பக்கம் மற்றவர் கண்ணில் பட்டது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இவ்வாறு வெளிப்பட்டிருக்கலாம் என அதனை நடத்தும் வால்வ் நிறுவனம் தெரிவித்தது. மதிப்பெண் பக்கமும் அவரவர்க்கே உரியதல்லவா?

ஆகவே பிராக்ஸியை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். தராசைச் சோதிக்க எடை தெரிந்த கல் வேண்டும். அதுபோல, என்ன விடை தரும் என்று நமக்கு முன்பே தெரிந்த ஒரு போலி சர்வரைப் பிராக்ஸிக்குப் பின்னால் வைக்கின்றனர். தன்னிடம் வந்த கேள்விகளை அது எண்ணிக்கொண்டே இருக்கும்.

சோதனை 1: போலி சர்வர், '60 விநாடி வைத்திருக்கலாம்' என்று குறித்து ஒரு பக்கத்தைத் தரட்டும். பிராக்ஸியிடம் அடுத்தடுத்துப் பத்து முறை கேளுங்கள். எண்ணிக்கை 1 என்றால் கேஷ் சரி. 10 என்றால் அது வேலை செய்யவில்லை.

சோதனை 2: 60 விநாடி கடந்தபின் மீண்டும் கேளுங்கள். எண்ணிக்கை 2 ஆக வேண்டும். ஆகாவிட்டால் பழைய பிரதியே வந்துள்ளது.

சோதனை 3: போலி சர்வர், 'சேமிக்காதே' என்று குறித்து, கேட்டவரின் பதிவெண்ணையே விடையாகத் தரட்டும். முகவரியை மாற்றாமல், பதிவெண்ணை மட்டும் மாற்றி இருமுறை கேளுங்கள். முதல்வரின் எண் இரண்டாமவருக்கு வந்தால், அந்தப் பிராக்ஸி ஆபத்தானது.

நார்வே நாட்டு நாளிதழ் ஒன்றின் இணையப் பதிப்புக்காக உருவாகி, 2006இல் வெளியானது 'வார்னிஷ்' என்னும் கேஷ் மென்பொருள். போலி சர்வரையும் போலி வாடிக்கையாளரையும் அமைத்துச் சோதிக்கும் 'வார்னிஷ்டெஸ்ட்' என்னும் கருவி அதனுடனேயே கிடைக்கிறது.

இப்பொழுது உங்களுக்கு ஒரு வினா: முதற்சோதனையில் பத்துக் கேள்விகளையும் 7 விநாடிக்கு ஒன்றாகக் கேட்டால், எண்ணிக்கை என்னவாக இருக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்.