மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்

 

நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். அதனால் டாக்டரையும் பார்க்கிறோம், ஹகீமையும் பார்க்கிறோம், ஹிஜாமாவும் செய்துகொள்கிறோம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் தரும் மருந்தைப் பற்றி மற்றவரிடம் சொல்கிறோமா? இதுவே இம்மாதப் பாடம்.

நம் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வந்த ஒரு தாயார் இருமுறை மயங்கி விழுந்தவர். இருமுறையும் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மாத்திரையோடு வெந்தயமும் கருஞ்சீரகமும் பொடித்துத் தினமும் குடித்து வந்தது பிறகுதான் தெரிந்தது. "ஏன் உம்மா முன்னாடியே சொல்லலே?" என்று மகள் கேட்டார். "டாக்டர் கேக்கலையே மவளே" என்பதே பதில்.

இந்தப் பதிலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் டேவிட் ஐசன்பர்க். மாணவராக இருந்தபோதே 1979இல் சீனா சென்று அந்நாட்டு மருத்துவத்தைக் கற்றவர். 1990இல் அவரது குழுவினர் 1,539 அமெரிக்கர்களிடம் தொலைபேசியில் விசாரித்தார்கள். மூன்றில் ஒருவர் அந்த ஓராண்டில் மாற்று மருத்துவம் ஏதேனும் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அவர்களில் 100க்கு 72 பேர் அதைத் தம் டாக்டரிடம் சொல்லவில்லை. இந்த முடிவுகள் 1993இல் வெளிவந்தன.

ஏன் சொல்லவில்லை? டாக்டர் கோபிப்பார் என்ற பயம்தான் காரணம் என்று நாம் நினைப்போம். 2001இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சொல்லாதவர்களில் டாக்டர் ஏற்கமாட்டார் என்று கருதியவர்கள் 100க்கு 14 பேர் மட்டுமே. 'டாக்டருக்கு இது தெரிய வேண்டியதில்லை' என்றவர்கள் 61 பேர். 'அவர் கேட்கவே இல்லை' என்றவர்கள் 60 பேர். (ஒருவரே பல காரணங்களைச் சொல்லலாம்.) நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்களுக்கும் ஐசன்பர்க் 1997இல் எழுதினார்.

அவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். ஆகவே:

1. வீட்டில் யார் எந்த மாத்திரை, சூரணம், லேகியம், பொடி சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டரிடமும் ஹகீமிடமும் அதைக் காட்டுங்கள்.

2. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் ஹிஜாமா செய்ய வேண்டாம். இரத்தம் நிற்காமல் போகலாம். ஹிஜாமா செய்பவரிடமும் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.

3. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவுடனேயே நாட்டு மருந்துகளைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

4. பொடி சாப்பிடுகிறோம் என்று சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்றிரவே உம்மாவிடமும் அத்தாவிடமும் கேட்டு அந்தத் தாளை எழுதிவிடுங்கள். எழுத உதவி தேவைப்படுவோர் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நாங்கள் எழுதித் தருகிறோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.