கம்பித் துருவை அளத்தல்

கான்கிரீட்டினின்றும் பெயர்த்தெடுத்த கம்பியில் எஃகு எவ்வளவு அழிந்துள்ளது என்பதைத் துருவை நீக்கி எடை பார்த்தே துணிதல் வேண்டும். ஒட்டிய காரையை மெல்லத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றுக. எஞ்சும் துரு அமிலத்தில்தான் கரையும். நீரில் 500 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி (நீரை அமிலத்தில் ஊற்றலாகாது), 3.5 கிராம் ஹெக்ஸமீன் சேர்த்து, மொத்தம் 1 லிட்டராக்குக. கையுறையும் காற்றோட்டமும் இன்றியமையாதன. இக்கரைசலில் 10 நிமிடம் ஊறிய கம்பியைக் கழுவி, உலர்த்தி, நிறுக்க வேண்டும். துரு எஞ்சியிருப்பின் மீண்டும் இடுக.

பலர் இத்துடன் கணக்கை முடித்துவிடுகின்றனர், அது பிழை. அமிலம் நல்ல எஃகையும் சிறிது அரிக்கும். ஹெக்ஸமீன் அதனைக் குறைக்குமேயன்றி அடியோடு தடுக்காது. ஆதலின் அதே வகையும் அளவும் உள்ள துருவற்ற துண்டு ஒன்றையும் அதே கரைசலில் அதே நேரம் இட்டு, அது இழக்கும் எடையைக் கழித்தல் வேண்டும்.

சான்றாக, 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோகிராம், 30 சென்டிமீட்டர் துண்டு 474 கிராம். துருநீக்கிய பின் 430 கிராம் நின்று, நல்ல துண்டு 2 கிராம் இழந்திருப்பின், மெய்யான இழப்பு 42 கிராம். ஏறக்குறைய 9 விழுக்காடு. புதுக் கம்பியே அட்டவணை எடையினின்றும் சற்று வேறுபடும். எனவே அதே கம்பியின் பழுதற்ற பகுதி கிடைத்தால் அதனை நிறுத்து ஒப்பிடுதல் நன்று.

குளோரைடு உப்பினால் நேர்ந்த அரிப்பாயின் இச்சராசரி ஏமாற்றும். இழப்பு முழுவதும் ஓரிரு குழிகளில் குவிந்து, அவ்விடத்துக் குறுக்குப் பரப்பில் பாதியைத் தின்றிருக்கலாம். குழியின் ஆழத்தையும், கம்பி மிக மெலிந்த இடத்தின் விட்டத்தையும் அளந்து தனியே குறித்துக்கொள்க.