வால் விசிறி இல்லாத ஹெலிகாப்டர்

போன செமஸ்டர் வைவாவில் என்னிடம் கேட்டார்கள்: "டெயில் ரோட்டரே இல்லாத ஹெலிகாப்டர் எப்படித் திரும்பும்?" திருதிருன்னு முழிச்சேன். உங்களுக்கு அந்த நிலைமை வரவேண்டாம், அதான் எழுதுறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீங்க. தாமிரபரணி ஊருக்குள்ள புகுந்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோட பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. ஹெலிகாப்டர்தான் மேலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. அப்போ வந்த விமானப்படையின் எம்ஐ-17-க்கு வால் நுனியில் ஒரு சின்ன விசிறி இருக்கும். எதுக்கு அது? சீலிங் ஃபேனைக் கம்பியில் மாட்டாமல் கயிற்றில் தொங்கவிட்டதாக நினைச்சுக்கோங்க. இறக்கை ஒரு பக்கம் சுத்தினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். ஹெலிகாப்டரின் உடம்பும் அப்படிச் சுத்தாமல் வால் விசிறி பிடிச்சு வைக்குது. ஆனால் எஞ்சின் பவரில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கை அதுவே தின்னுடும்.

ரஷ்யாவின் நிக்கோலாய் காமோவ் வேறு வழி பிடித்தார். ஒரே அச்சில் ரெண்டு ரோட்டர், ஒன்றின் மேல் ஒன்று, எதிரெதிர் திசையில். டார்க் ரெண்டும் ஒன்றையொன்று அடிச்சுக்கும். நீள வாலும் தேவையில்லை. கப்பல் தளத்துக்கு அது வசதி. நம் கடற்படையும் கேஏ-25, கேஏ-28, கேஏ-31 என்று வரிசையாக வாங்கியது.

எனக்குப் பிடிச்சது 1965-ல் முதலில் பறந்த கேஏ-26. விமானி அறைக்குப் பின்னால் இருக்கிற பெட்டியைக் கழற்றிவிடலாம். ஆள் ஏத்தணுமா, ஒரு பெட்டி. வயலுக்கு மருந்தடிக்கணுமா, தொட்டியை மாட்டு. பறக்கிற லோடு ஆட்டோன்னு வைங்க!

இப்போ வைவா கேள்வி. திரும்பணும்னா ஒரு ரோட்டரின் பிளேடு கோணத்தைக் கூட்டி, மற்றதில் குறைப்பார்கள். மொத்தத் தூக்குவிசை மாறாது. டார்க் மட்டும் சமமில்லாமல் போகும், உடம்பு திரும்பும். அவ்ளோதான்.

இலவசம் இல்லை, அதையும் சொல்லிடுறேன். மேல் பிளேடும் கீழ் பிளேடும் மோதிக்கொள்ளாமல் இருக்க இடைவெளி வேண்டும். அதனால் ரோட்டர் தலை உயரமாகும், காற்றுத்தடை கூடும், பராமரிப்பும் தலைவலி.

கேஏ-26-இன் வாரிசான கேஏ-226டி-யில் 200 வாங்க 2015 டிசம்பரில் இந்தியா ஒப்பந்தம் போட்டது. அதில் 140-ஐ இங்கேயே செய்வதாகத் திட்டம். உள்நாட்டுப் பாகங்களின் பங்கு எவ்வளவு, விலை என்ன என்பதில் இழுபறியாகி அப்படியே நின்றுவிட்டது. அது மாற்ற வேண்டிய சேத்தக், 1959-ல் முதலில் பறந்த பிரெஞ்சு டிசைன். இன்னும் பறந்துக்கிட்டுதான் இருக்கு.