அந்த ஆவி எதற்கு வந்தது?

அன்புள்ள கயல்,

கேட் வின்டர்ஸின் ‘இன் தி ஷேடோ ஆஃப் பிளாக்பேர்ட்ஸ்’ நாவலை வைத்து உங்கள் கல்லூரி வாசகர் வட்டத்தில் பெரிய சண்டையே நடந்ததாக எழுதியிருந்தாய். உன் அறைத்தோழிக்கு, காதல் கதையில் காதலனை இத்தனை சீக்கிரம் அனுப்பிவிட்டார்களே என்று கோபம். பேய்க்கதை என்று நம்பி எடுத்த பையனுக்கு, பேய் வருவதற்குள் காய்ச்சலும் வெங்காயமுமாகப் பாதிப் புத்தகம் போய்விட்டதாம். வரலாறு படிக்கிறவனோ, 1918ஐ இவ்வளவு அழகாகக் கட்டி எழுப்பிவிட்டு ஆவியைக் கூட்டிவந்து கெடுத்துவிட்டார் என்கிறான். உங்கள் பேராசிரியை, இதெல்லாம் மூடநம்பிக்கையை வளர்க்கிற சரக்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். “இதில் யார் சொல்வது சரி அத்தை? அடுத்த கூட்டத்தில் நான் பேசணும்” என்று கேட்டிருக்கிறாய்.

நான்கு பேரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்து உள்ளே போயிருக்கிறார்கள். அது கிடைத்ததா இல்லையா என்பதைத்தான் கருத்தாகச் சொல்லியிருக்கிறார்கள். அது தப்பில்லை, நானும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் வரலாற்றையும் ஆவியையும் ஒன்றாகக் கட்டிவைத்த நாவலைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் காலத்துக்கு அந்த ஆவி தேவைப்பட்டதா? ஆவியை எடுத்துவிட்டால் காலம் குறைபடுகிறதா, காலத்தை எடுத்துவிட்டால் ஆவிக்கு வேலையில்லாமல் போகிறதா? இரண்டுக்கும் ஆம் என்று வந்தால் ஆசிரியர் கட்டிய கட்டு இறுகியிருக்கிறது. இந்தக் கேள்விக்கு மிக அருகில் வந்தவன் அந்த வரலாற்றுப் பையன்தான். அதனால் அவனுக்கே அதிக நேரம் கொடுக்கிறேன்.

கதை தெரியாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடு. 1918 அக்டோபர். மேரி ஷெல்லி பிளாக் என்ற பதினாறு வயதுப் பெண் ரயிலில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்கு வருகிறாள், அத்தை ஈவாவின் வீட்டுக்கு. ஊரில் அப்பாவைத் தேசத்துரோகம் என்று கைது செய்துவிட்டார்கள். அவள் நேசித்த ஸ்டீஃபன் பிரான்சில் போர்முனையில் இருக்கிறான். அவனுடைய அண்ணன் ஜூலியஸ், செத்தவர்களின் ஆவியைப் படம்பிடித்துத் தருவதாகச் சொல்லி ஸ்டூடியோ நடத்துகிறான். பிறகு ஸ்டீஃபன் வீரமரணம் அடைந்ததாகச் செய்தி வருகிறது. அவனும் வருகிறான், ஆவியாக. இதோடு நிறுத்திக்கொள். இந்தக் கதையின் முடிவைச் சொல்லிவிட்டால், படிக்காதவர்கள் இனி படிக்க மாட்டார்கள். 2013இல் வந்த இந்த நூல் வின்டர்ஸின் முதல் நாவல் என்பதையும், இளையோருக்கான முதல் நூல்களுக்குத் தரப்படும் மோரிஸ் விருதின் இறுதிப்பட்டியலுக்கு அது வந்தது என்பதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்.

இனி அந்தப் பையன் சொன்னதற்கு வருகிறேன். ஆவியைக் கொண்டுவந்து வரலாற்றைக் கெடுத்துவிட்டார் என்கிறான். 1918இன் வரலாற்றிலேயே ஆவி நடமாடியது என்று அவனிடம் சொல்.

ஆவிப் புகைப்படம் வின்டர்ஸின் கற்பனை அல்ல. பாஸ்டனில் நகைகளில் எழுத்துப் பொறிக்கும் வேலை பார்த்த வில்லியம் மம்லர் என்பவர் 1860களின் தொடக்கத்தில் அந்தத் தொழிலைத் தொடங்கினார். அது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். வீட்டுக்கு வீடு சாவு. மம்லரின் எதிரில் உட்கார்ந்தால், கழுவி எடுத்த படத்தில் உங்களுக்குப் பின்னால் மங்கலாக இன்னொருவர் நிற்பார். தந்திரம் எளிது. ஏற்கெனவே ஓர் உருவம் லேசாகப் பதிந்த கண்ணாடித் தகட்டிலேயே வாடிக்கையாளரையும் பதிவுசெய்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். பாஸ்டனில் ஒரு சிக்கலும் வந்தது: படத்தில் ‘ஆவி’யாக நின்றவர் உயிரோடு தெருவில் நடமாடுவதைச் சிலர் பார்த்துவிட்டார்கள். நியூயார்க்குக்கு இடம் மாறிய மம்லர்மேல் 1869இல் மோசடி வழக்கு நடந்தது. சர்க்கஸ்காரர் பி.டி. பார்னம் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஏமாற்றைப் பற்றி அவரைவிட நன்றாகச் சாட்சி சொல்ல ஆள் கிடைத்திருக்காது! ஆனாலும் ஆதாரம் போதவில்லை என்று மம்லரை விட்டுவிட்டார்கள். அதன்பிறகும் ஆட்கள் வந்தார்கள். கொலையுண்ட அதிபர் லிங்கனின் மனைவி மேரி அவரிடம் எடுத்துக்கொண்ட படம் இன்றும் இருக்கிறது, கணவர் மேரியின் தோளில் கை வைத்து நிற்பதுபோல.

முதல் உலகப் போரும் 1918 இன்ஃப்ளூயன்சாவும் சேர்ந்து வந்தபோது இந்த வியாபாரம் மறுபடி செழித்தது. இங்கிலாந்தில் க்ரூ நகரத்து வில்லியம் ஹோப்பை 1922இல் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர் மாட்டிவைத்தார். தகடுகளில் ரகசியக் குறி போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்த படத்தில் அந்தக் குறி இல்லை, தகட்டை மாற்றியிருந்தார்கள். அப்போதும் ஹோப்புக்காகப் பரிந்து பேசியவர் யார் தெரியுமா? ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில். அவருடைய மகன் கிங்ஸ்லி 1918 அக்டோபரில் காய்ச்சலும் நிமோனியாவுமாகச் செத்துப்போனார். மகன் போன துக்கத்தில்தான் டாயில் ஆவிகளை நம்பினார் என்று பலர் எழுதுவார்கள், அது சரியில்லை. 1916லேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டார். துக்கம் அந்த நம்பிக்கையைக் கெட்டிப்படுத்தியது, அவ்வளவுதான்.

ஆக, ஜூலியஸின் ஸ்டூடியோ இல்லாத 1918தான் அரைகுறை வரலாறாக இருக்கும். ஆனால் உன் நண்பன் கெட்டிக்காரனாக இருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்பான்: “போலி ஆவியைக் காட்டட்டும், சரி. அதே நாவலில் நிஜ ஆவியையும் கொண்டுவந்தால்? ஒரு கையால் அழித்ததை இன்னொரு கையால் எழுதின மாதிரி ஆகாதா?” இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி இதுதான். யாரும் கேட்காவிட்டால் நீயே கேட்டுவிடு.

என் பதில் இது. அந்தக் காலத்து ஆவிப் படங்களைத் தேடிப் பார். அவற்றில் செத்தவர்கள் எல்லோரும் சாந்தமாக இருப்பார்கள். வெள்ளைத்துணி, மென்மையான முகம், தோளில் ஒரு கை. காசு கொடுத்தவருக்கு எது வேண்டுமோ அது. ஸ்டீஃபனின் ஆவி அப்படி வரவில்லை. அவனுக்கு வலிக்கிறது, பயமாக இருக்கிறது, கறுப்புப் பறவைகள் தன்னை விடமாட்டேன் என்கின்றன என்கிறான், தனக்கு என்ன நடந்தது என்றே அவனுக்குப் புரியவில்லை. போலி ஆவி ஆறுதல் சொல்கிறது. நிஜ ஆவி வீரமரணச் செய்தியையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

அந்தச் சந்தேகம் 1918இல் எவ்வளவு ஆபத்தானது என்று உன் வரலாற்று நண்பனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அமெரிக்கா 1917இல் உளவுச் சட்டம் கொண்டுவந்தது, 1918இல் அதன்மேல் தேசத்துரோகச் சட்டத்தையும் ஏற்றியது. போருக்கு எதிராக ஓஹியோவின் கான்டன் நகரில் பேசியதற்காக யூஜின் டெப்ஸ் என்ற சோஷலிஸ்ட் தலைவருக்குப் பத்தாண்டுச் சிறை. காய்ச்சலைப் பற்றிக்கூட உள்ளபடி பேச ஆளில்லை. போர்க்காலத்தில் மக்கள் மனம் தளரக் கூடாதாம். பிலடெல்ஃபியாவில் செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் பத்திர ஊர்வலம் நடத்தினார்கள், சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள், சில நாளில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. ‘ஸ்பானிஷ் காய்ச்சல்’ என்று பெயர் வந்ததற்கே காரணம், போரில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் மட்டும் அதை மறைக்காமல் எழுதியதுதான். குண்டடி படாமலே மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்களைப் பற்றி சார்ல்ஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் ‘லான்செட்’ இதழில் எழுதி அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவர்களைக் கோழைகள் என்று நினைத்தவர்கள்தான் அதிகம்.

இப்படி உயிரோடிருப்பவர்கள் வாயைத் திறந்தால் சிறை என்றிருக்கிற நாட்டில், செத்தவன் வந்து “எனக்கு என்ன நடந்தது?” என்று கேட்கிறான். அந்தப் பெண்ணின் அப்பா சிறையில் இருப்பதும் அந்த ஆவி வருவதும் ஒரே கதை என்று எனக்குப் படுகிறது. ஆவியை எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை. இதை நீ கூட்டத்தில் சொன்னால், ஜூலியஸின் ஸ்டூடியோ வருகிற ஒரு பக்கத்தையும் ஸ்டீஃபன் முதலில் வருகிற பக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டு. எந்த இடத்தைப் படித்து இப்படித் தோன்றியது என்று காட்டாமல் விட்டால், அது உன் கருத்தாக மட்டுமே நின்றுவிடும்.

பேராசிரியைக்குப் பதில் சொல்வது சுலபம், பணிவாகச் சொல். மேரி ஷெல்லி அறிவியல் பிரியை, விமானிகளின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரிகிறவள், ஜூலியஸின் படங்களைத் தொடக்கத்திலிருந்தே நம்பாதவள். மூடநம்பிக்கை அந்த நாவலில் நிறைய இருக்கிறது, ஆனால் அது அத்தை ஈவாவின் சமையலறையில் இருக்கிறது. காய்ச்சலைத் தடுக்கும் என்று எதற்கெடுத்தாலும் வெங்காயம். மெல்லிய துணி முகமூடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெங்காயத்தை நம்பிய அந்த மக்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை. அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததே 1933இல்தான். 1918இல் பெரிய மருத்துவர்களே ஒரு பாக்டீரியாவைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

‘பேய் எங்கே?’ என்று கேட்ட பையனுக்கும் இதுவே பதில். ரயிலில் யாராவது தும்மினால் அந்தப் பெட்டியே உறைந்துபோகும் காலம். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.75 லட்சம் பேர் செத்தார்கள், போரில் அந்த நாடு இழந்தவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள், பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கியது. கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டுமல்லாமல் இருபது, முப்பது வயதுக்காரர்களையும் கொண்டுபோன காய்ச்சல் அது. அந்தப் பையனுக்கு இருட்டு வீடும் கதவுச் சத்தமும்தான் பயம் என்றால் அது அவன் ருசி, விட்டுவிடு. உன் அறைத்தோழியோடு மட்டும் நான் பாதி ஒத்துப்போகிறேன். ஸ்டீஃபனை உயிரோடு இன்னும் கொஞ்சம் பார்த்திருந்தால் அவன் இல்லாமை இன்னும் வலித்திருக்கும்.

ருசிக்கு அப்பாலும் ஒரு வகைக் கருத்து இருக்கிறது. ஜஸ்டினா அயர்லாந்தின் ‘ட்ரெட் நேஷன்’ (2018) என்று ஒரு நாவல். உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் செத்தவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களோடு சண்டை போடக் கறுப்பினப் பிள்ளைகளையும் பூர்வகுடிப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்துப் பழக்குகிறார்கள் என்பது கதை. பலர் கொண்டாடினார்கள். ஆனால் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, மொழியையும் முடியையும் வெட்டி எறிந்த உண்மையான விடுதிப் பள்ளிகளின் வரலாற்றை அந்த நூல் கையாண்ட விதம் சரியில்லை என்று பூர்வகுடிகள் தரப்பிலிருந்து விமர்சனம் வந்தது. “பிடித்தது, பிடிக்கவில்லை” என்பதோடு இதைச் சேர்க்காதே. அந்த வரலாற்றைத் தங்கள் குடும்பங்களில் சுமக்கிறவர்கள் சொல்வது அது. இந்த மாதிரிக் கருத்து வந்தால், எத்தனை நட்சத்திரம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, அந்த விடுதிப் பள்ளிகளில் ஒன்றான கார்லைல் பள்ளியைப் பற்றி ஒரு நல்ல நூலைத் தேடிப் படி. பென்சில்வேனியாவில் 1879இல் தொடங்கியது. பேயைப் பற்றி ஆசிரியர் என்ன வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். பேயைச் சுற்றி நிற்கிற மனிதர்களுக்கு நிஜத்தில் வாரிசுகள் இருக்கிறார்கள்.

வின்டர்ஸிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. மேரி ஷெல்லிக்கு ஆவியை உணரும் சக்தி ஒரு மின்னல் தாக்கி வருகிறது. துக்கமும் சந்தேகமும் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்க முடியும், மின்னல் குறுக்குவழி. கடைசிப் பகுதியும் துப்பறியும் கதையின் வேகத்தில் ஓடி, அதுவரை மெதுவாகச் சேர்ந்த கனத்தைக் கொஞ்சம் சிதறடிக்கிறது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படித்து வளர்ந்த நமக்கு, பேய் உண்டா இல்லையா என்று கடைசிவரை சொல்லாமல் விடுவதில் ஒரு ருசி பழகிவிட்டது, அதனால்கூட எனக்கு இப்படித் தோன்றலாம். புத்தகத்துக்குள் அந்தக் காலத்துப் புகைப்படங்களை வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றி உங்கள் வட்டத்தில் யாரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். புகைப்படம் பொய் சொல்லும் என்று சொல்கிற நாவலுக்குள் நிஜப் புகைப்படங்கள். அதை அடுத்த கூட்டத்தில் எடுத்துப் போடு, சண்டை இரவு வரை நடக்கும்.

மின்னல் விஷயத்தில் உனக்கு என்னோடு ஒத்துவரவில்லை என்றால் பக்க எண்ணைப் போட்டு எழுது. நான் இன்னொருமுறை படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அத்தை