சூடோ போட்டும் அனுமதி இல்லையா?

கேள்வி: சேலை பார்டருக்கு ஜக்கார்டு டிசைன் போடும் பழைய கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றினேன். ஏஎம்டி ரேடியான் கார்டு. சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைகிறது. மின்சக்தி அமைப்பில் 'லோ' என்று எழுத, சூடோ போட்டு எக்கோ கொடுத்தும் 'அனுமதி இல்லை' என்கிறது.
- வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: சூடோவின் அதிகாரம் எக்கோவோடு நின்றுவிடுகிறது. எக்கோவுக்குப் பின் போடும் '>' அம்புக்குறிக்கு அப்பால் உள்ள கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல்; அதற்கு ஏது அனுமதி? 'எக்கோ லோ'வைப் பைப் வழியே 'சூடோ டீ'க்கு அனுப்புங்கள், எழுதிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் சிஸ்டம்-டி சர்வீஸ் ஒன்று எழுத வேண்டும்.

ஆனால் 'லோ'வே வேண்டாம் என்பேன். பெரிய டிசைனை ஜூம் செய்தால் திரை திக்கும். 2014-இல் வந்த கெர்னல் 3.13 முதல் பெரும்பாலான ரேடியான் கார்டுகள் தேவைக்கேற்பத் தாமே வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. 'ஆட்டோ'வில் விட்டு, 'சென்சார்ஸ்' கட்டளையில் வெப்பநிலையைப் பாருங்கள். இரண்டு மானிட்டர் மாட்டியிருந்தால் மெமரி வேகம் இறங்க மறுப்பதும் உண்டு. அப்படியும் சூடு தணியாவிட்டால் மூடியைக் கழற்றுங்கள். தறி ஓடும் வீட்டில் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் நூல் பிசிறு அடைத்திருக்கும். அதற்குக் கட்டளை கிடையாது, பிரஷ்தான். இன்னும் சிக்கினால் உங்கள் ஊரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம்.