மார்கழிப் பனியில் நாயும் சிட்டும் பூவும்

மாணவர்களே! மார்கழியும் தையும் முன்பனிக் காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பனி என்றால் இலைமேல் நிற்கும் நீர்த்துளி. காஷ்மீரத்திலோ கூரையையும் தெருவையும் மூடிக் கிடக்கும் வெண்பனி. நம் பகுதியில் மார்கழி விடியலின் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ். ஸ்ரீநகரின் சனவரி இரவுகளில் அது பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் குளிரைத் தாங்க உயிர்கள் கையாளும் இயற்பியல் விதிகள் இரண்டு ஊர்களிலும் ஒன்றே. அவற்றை நம் வீட்டு வாசலிலேயே படிக்கலாம், வாருங்கள்.

நாய் ஏன் சுருண்டு படுக்கிறது?

நாயின் உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி. சுற்றியுள்ள காற்று 20 டிகிரி. வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும் அல்லவா? எனவே நாயின் உடல் இரவு முழுவதும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. வெளியே தெரியும் பரப்பு குறைந்தால் இழப்பும் குறையும். ஆகவேதான் அது கால்களை மடக்கி, முடி குறைந்த வயிற்றை உள்ளே மறைத்து, மூக்கை வாலுக்குள் புதைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிமென்டுத் தரையை விட்டுவிட்டு, அது சாம்பல் குவியலையோ வைக்கோலையோ தேடிப் போகும். சிமென்டு, உடலின் வெப்பத்தை விரைவாக உறிஞ்சிவிடும். சாம்பலிலும் வைக்கோலிலும் காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று ஓர் அரிதிற் கடத்தி.

சிட்டின் கணக்கு

விளிம்பு 10 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பு 600 ச.செ.மீ., கனஅளவு 1000 க.செ.மீ. விளிம்பு 1 செ.மீ. என்றால் பரப்பு 6, கனஅளவு 1. அதாவது, முதலாவதில் ஒரு கன செ.மீ.க்கு 0.6 ச.செ.மீ. பரப்பு, இரண்டாவதில் 6. சிறிய உடல், தன் அளவுக்குப் பத்து மடங்கு பரப்பின் வழியே வெப்பத்தை இழக்கிறது!

செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டின் எடை 10 கிராமுக்கும் குறைவு. உடல் வெப்பநிலையோ நம்முடையதைவிட அதிகம். இரவில் அது இறகுகளை உப்பவைத்து, இடையில் காற்றைச் சிறைப்பிடித்துக்கொள்கிறது. ஆனால் போர்வை வெப்பத்தைக் காக்குமே தவிர உண்டாக்காது. அதற்கு எரிபொருள் வேண்டும். பகலெல்லாம் பூப்பூவாக அது அலைவது அந்த எரிபொருளுக்காகவே. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் பகுதியிலுள்ள கழுவேலிக்குக் குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வருகின்றன. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை அது. வடக்கே நீர்நிலைகள் உறைந்தால் இரை கிடைக்காது. இறகுப் போர்வை இருந்தும் அவை தெற்கே வருவதற்கு இதுவே முக்கிய காரணம்.

பனி பெய்கிறதா?

கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப் பரங்கிப்பூவைப் பறிக்கும்போது கை நனைகிறது. "ராத்திரி பனி பெய்தது" என்கிறோம். உண்மையில் பனித்துளி வானிலிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் இலையும் பூவும் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றின் வெப்பநிலை பனிநிலைக்கு இறங்கியதும், காற்றிலுள்ள நீராவி அவற்றின்மேல் நீராகப் படிகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், கம்பளிப் பஞ்சை எடைபோட்டுப் பார்த்து 1814இல் இதை விளக்கினார். திறந்த வெளியில் வைத்த பஞ்சு அதிகம் நனைந்தது. பலகையின் அடியில் வைத்தது குறைவாகவே நனைந்தது. மேலே ஒரு மறைப்பு இருந்தால் கதிர்வீச்சால் ஏற்படும் இழப்பு குறைகிறது. நாய் திண்ணைக் கூரைக்கடியில் ஒதுங்குவதன் பொருள் இப்போது புரிகிறதா?

வெண்பனிப் போர்வை

புதிதாக விழுந்த வெண்பனியின் கனஅளவில் 90 சதவீதம் வரை காற்றுதான். ஆகவே அதுவும் ஒரு போர்வையே! மேலே காற்று உறைநிலைக்கு வெகு கீழே இருந்தாலும், பனியின் அடியிலுள்ள மண் அவ்வளவு குளிர்வதில்லை. ஸ்ரீநகர்த் தோட்டங்களில் துலிப் கிழங்குகள் குளிர்காலத்தை மண்ணுக்குள் கழித்துவிட்டு, பனி உருகிய பின் வசந்தத்தில் பூக்கின்றன.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று புட்டிகளில் சமமாக வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் உலர்ந்த பஞ்சையும், மற்றொன்றில் நனைந்த பஞ்சையும் சுற்றுங்கள். 20 நிமிடம் கழித்து வெப்பநிலைமானியால் அளந்து பாருங்கள். அசையாத காற்றைவிட நீர் 20 மடங்குக்கு மேல் எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஆவியாகும்போதும் வெப்பத்தை எடுத்துச் செல்லும். பறவைகள் அலகால் இறகில் எண்ணெய் தடவிக்கொள்வது ஏன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பிறந்து சில நாட்களே ஆன நாய்க்குட்டிகளுக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் திறன் இல்லை. தாயின் சூடும், ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதும்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. தாய் இரை தேடிப் போன நேரத்தில் ஈரத் தரையில் கிடக்கும் குட்டி உயிரையே இழக்கலாம். உங்கள் தெருவில் அப்படிக் குட்டிகள் இருந்தால், கூரையுள்ள ஓர் இடத்தில் உலர்ந்த சாக்கை மடித்துப் போடுங்கள். இரண்டு மடிப்புக்கு நான்கு மடிப்பு மேல். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.